'அம்', 'வெல்', 'யூ நோ': வெறும் இழுவையா?

ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் இடங்களில் இரண்டு அறிவுரைகள் அடிக்கடி காதில் விழும். 'பேச்சுக்கு நடுவே அம், அ... என்று இழுக்காதீர்கள், தடுமாறுவது தெரிந்துவிடும்' என்பது ஒன்று. 'வெல், யூ நோ, ஐ மீன் என்று இடையிடையே சேர்த்துக்கொள்ளுங்கள், இயல்பாகப் பேசுவதுபோல் இருக்கும்' என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒரே எண்ணம்தான்: இந்தச் சொற்களுக்குச் சொந்தமாக வேலை எதுவும் கிடையாது. அழுக்கென்று நினைப்பவர் துடைக்கச் சொல்கிறார், அலங்காரமென்று நினைப்பவர் பூசச் சொல்கிறார். பேச்சை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. இவற்றுக்கு வேலை உண்டு. அந்த வேலை இருக்கிற இடத்தில் வந்தால் பேச்சு இயல்பாகிறது. இல்லாத இடத்தில் வந்தால், சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடுகிறது.

உரையாடல் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. பத்து மொழிகளின் கேள்வி பதில்களை அளந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு அரை விநாடிக்கு மேல் ஆகிறது. தாய்மொழியிலேயே நெருக்கடி இப்படியென்றால், இரண்டாம் மொழியில் சொல் தேடுபவரின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் வாய்மூடி இருந்தால் எதிரில் இருப்பவர் இரண்டில் ஒன்றை நினைப்பார்: இவர் பேசி முடித்துவிட்டார், அல்லது பதில் சொல்ல விருப்பமில்லை. 'இன்னும் முடிக்கவில்லை, வருகிறேன்' என்று தெரிவிப்பதுதான் அந்தச் சின்ன ஒலி. பேச்சை ஆராய்ந்த ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002-இல் இன்னும் நுட்பமாக ஒன்றைச் சொன்னார்கள். ஆங்கிலம் பேசுவோர் சிறிய தாமதத்துக்கு 'அ...' என்றும் பெரிய தாமதத்துக்கு 'அம்' என்றும் பிரித்தே பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

கேட்பவருக்கும் இதில் லாபம் உண்டு. பல பொருள்களைக் கண்முன் வைத்துப் பார்வை எங்கே போகிறது என்று அளந்த சோதனைகளில், பேசுபவர் தயங்கியதும் கேட்பவரின் கண் அதுவரை பேச்சில் வராத புதிய பொருளின் பக்கம் போனது. இரண்டு வயதுக் குழந்தைகள்கூட இப்படித்தான் செய்கிறார்கள் என்று 2011-இல் தெரியவந்தது. தயக்கத்துக்குப் பின் வந்த சொற்கள் பிற்பாடு நன்றாக நினைவில் நின்றதாக 2007-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

'வெல்' போன்ற முழுச் சொற்களின் வேலை இன்னும் தெளிவானது. மொழியியலாளர் டெபரா ஷிஃப்ரின் 1987-இல் இவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 'நாளைக்கு வர முடியுமா?' என்ற கேள்விக்கு ஒருவர் 'வெல்...' என்று தொடங்கினால், நேரான 'யெஸ்' வரப்போவதில்லை என்று கேட்டவருக்கு அப்போதே புரிந்துவிடும். இப்போது சொன்னதைத் திருத்தவோ விளக்கவோ வருவது 'ஐ மீன்'. உங்களுக்கும் தெரிந்த விஷயம்தான் என்று கேட்பவரைத் துணைக்கு அழைப்பது 'யூ நோ'. ஆகவே பெயரைக் கேட்டதற்கு 'வெல்' என்று தொடங்குவது பொருந்தாது. நம் ஊர் நேர்முகத் தேர்வுகளில் தாராளமாகப் புழங்கும் 'ஆக்சுவலி'யும் அப்படியே. நீங்கள் நினைப்பதற்கு மாறாக ஒன்று சொல்கிறேன் என்பது அதன் முக்கியமான குறிப்பு. 'ஆக்சுவலி ஐ ஆம் ஃப்ரம் மதுரை' என்றால், வேறு ஊர் என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்பவர் ஒரு கணம் யோசிப்பார். தமிழில் முன்னால் எதுவும் பேசாமல் 'அதாவது' என்று பொதுவாக யாரும் தொடங்குவதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்கு வந்த அந்த இட உணர்வு ஆங்கிலத்துக்கும் வேண்டும்.

மேடைப் பேச்சில் இவை குறையாகத்தானே கருதப்படுகின்றன என்று கேட்கலாம். மேடைப் பேச்சுப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இவற்றை எண்ணிச் சொல்லவே ஒருவரை அமர்த்துகிறார்கள். அது நியாயம்தான். மேடையில் யாரும் குறுக்கே பேச்சை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பேசும் வாய்ப்பைக் காக்க வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் மௌனமே அழகு. அந்தக் கணக்கை அப்படியே உரையாடலுக்குக் கொண்டுவருவதுதான் பிழை. இன்னொரு ஆட்சேபம், கற்றுக்கொண்டு தயங்குவது நடிப்பல்லவா என்பது. புதிதாக ஒரு மொழி பேசுபவருக்கு நேரம் உண்மையிலேயே தேவைப்படுகிறது. தேவையை மறைக்காமல் அந்த மொழியின் வழக்கப்படி தெரிவிப்பதில் பொய் எங்கே இருக்கிறது? தேவையே இல்லாமல் வாக்கியத்துக்கு ஒரு 'யூ நோ' சேர்ப்பதுதான் நடிப்பு. கேட்பவர் விஷயத்தை விட்டுவிட்டு அதையே எண்ணத் தொடங்கிவிடுவார்.

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வின் மதிப்பீட்டு அளவுகோலும் எல்லாத் தயக்கத்தையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. மிக உயர்ந்த நிலையான 9-இலும் தயக்கத்துக்கு இடம் உண்டு, ஆனால் அது கருத்தைத் தேடும் தயக்கமாக இருக்க வேண்டும், சொல்லையோ இலக்கணத்தையோ தேடுவதாக இருக்கக்கூடாது. பழக விரும்புவோர் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, எழுதிவைத்துப் பேசாத வானொலிப் பேட்டிகளையும் பாட்காஸ்ட் உரையாடல்களையும் கேட்கலாம். செய்தி வாசிப்பு இதற்கு உதவாது. ஒரு வாரத்துக்கு 'வெல்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வந்த இடத்தில் நிறுத்தி, முன்னால் என்ன கேள்வி, பின்னால் எப்படிப்பட்ட பதில் என்று பார்த்தால் போதும். அது பிடிபட்ட பிறகு 'ஐ மீன்'.