பழைய காரின் சிறிய கைப்பிடி

என் நண்பர் ஒருவர், தம் தந்தையார் ஓட்டிய அம்பாசடர் காரைப் பேணி வருகிறார். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியில் கொப்புளங்களும் வெண்மையான பொருக்கும் தோன்றின. துருதான் என்று எண்ணிய அவர், அதைக் கழற்றிக் கழிவறை கழுவும் அமிலத்தில் இரவு முழுவதும் ஊறப்போட்டார். காலையில் கிடைத்தது அரித்துப்போன ஒரு கூடுதான்! கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1957இல் தொடங்கிய அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. தந்தையின் கை பட்டுத் தேய்ந்த அந்தப் பிடியோ, எந்தக் கடையிலும் கிடைக்காது.

நண்பர் செய்த பிழை என்ன? பொருள் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்ததுதான்.

இது இரும்பா?

ஒரு காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது இரும்பு. அதன் துரு செந்நிறமாக இருக்கும். ஒட்டாமல், வெண்பொடியும் கொப்புளமும் காணப்பட்டால், அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அக்காலக் கார்களின் கைப்பிடிகள், சின்னங்கள் பலவும் உருகிய துத்தநாகத்தை அச்சில் செலுத்தி வார்க்கப்பட்டவையே. துத்தநாகம் ஏறத்தாழ 420 டிகிரி செல்சியசில் உருகிவிடும். ஆகவே நுணுக்கமான வடிவங்களையும் எளிதில் வார்க்கலாம்.

பள்ளி ஆய்வகத்தில் துத்தநாகத் துண்டின்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி ஹைட்ரஜன் தயாரித்தது நினைவிருக்கிறதா? நண்பரின் தொட்டியில் இரவெல்லாம் நடந்ததும் அதுவே.

கொப்புளம் ஏன்?

துத்தநாகத்தின்மேல் தாமிரம், அதன்மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலாகக் குரோமியம் என முலாம் அடுக்கடுக்காக ஏற்றப்படுகிறது. பளபளக்கும் குரோமியப் படலத்தின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நோட்டுப் புத்தகத் தாளின் கனமோ சுமார் 100 மைக்ரான்! இப்படலத்தில் நுண்ணிய துளைகளும் வெடிப்புகளும் உண்டு. அவற்றின் வழியே ஈரமும் வியர்வை உப்பும் நாளடைவில் துத்தநாகத்தை அடைகின்றன. அங்கு உண்டாகும் வெண்பொடி, உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால் முலாமை மேலே தள்ளுகிறது. அதுவே கொப்புளம்.

செய்யத்தக்கது எது?

உப்புத்தாளைத் தொடாதீர்கள், இரண்டு தேய்ப்பில் குரோமியம் போய்விடும். மென்மையான சோப்பு நீரில் கழுவி, வெண்பொடியை மூங்கில் சிம்பினால் மெல்ல எடுத்து, நன்றாக உலர்த்தி, மெழுகு பூசுங்கள். மெழுகு துளைகளை அடைத்து ஈரத்தைத் தடுக்கும். பள்ளம் மறையாது, ஆனால் அரிப்பு தணியும்.

பள்ளமே தெரியக்கூடாதென்றால் மின்முலாம் பட்டறைக்குத்தான் போகவேண்டும். அங்கே பழைய முலாமை நீக்கி, பள்ளங்களைச் சுரண்டி, தாமிரத்தைக் கனமாக ஏற்றிச் சமன் செய்து, மீண்டும் நிக்கலும் குரோமியமும் பூசுவார்கள். “மயில்துத்தக் கரைசலில் நாமே தாமிரம் ஏற்றலாமே” என்று நீங்கள் கேட்கலாம். துத்தநாகம் அக்கரைசலிலிருந்து தாமிரத்தைத் தானே வெளியேற்றிவிடும்; அது உதிரும் பொடியாகப் படியுமே தவிர, பற்றி நிற்காது. அதனால் முதல் தாமிர அடுக்குக்குச் சயனைடுக் கரைசலைப் பயன்படுத்துவது வழக்கம். அது கொடிய நஞ்சு. வீட்டில் முயலவே கூடாது.

கறுப்புக் குமிழ்கள்

மிகப் பழைய கார்களின் கறுப்பு, பழுப்புக் குமிழ்கள் பல பேக்லைட்டினால் ஆனவை. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கிய பிளாஸ்டிக் இது. பெருவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கார்பாலிக் நெடி வீசும். வெந்த முட்டையை மீண்டும் இளக்க முடியாததுபோல் இதையும் உருக்க முடியாது. ஆகவே விரிசலைச் சூடுகாட்டி ஒட்ட நினைப்பது வீண்.

பேக்லைட்டில் பெரும்பாலும் மரத்தூள் கலந்திருக்கும். வழவழப்பான மேற்பரப்பு அதை மூடிக் காக்கிறது. வெயிலில் மங்கிய குமிழை அழுத்தித் தேய்த்தால் மரத்தூள் வெளிப்பட்டு நீரை உறிஞ்சும். எனவே நீரில் ஊறவைக்காமல், ஈரத் துணியால் துடைத்து, மென்மையான பாலிஷை இலேசாகத் தேய்த்து, மெழுகு பூசினால் போதும்.

நண்பரிடம் இன்னும் மூன்று கைப்பிடிகள் இருக்கின்றன. இப்போது அவர் கையில் அமிலப் புட்டி இல்லை. ஒரு காந்தமும் மெழுகு டப்பாவும்தான். உங்கள் வீட்டிலும் தாத்தாவின் பழைய வானொலியோ மேசை விளக்கோ இருக்கலாம். அதைத் துலக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எதனால் ஆனது?