பழைய துணி: பிரித்தால் காசு, கலந்தால் குப்பை



"பழைய சேலை, பேண்ட், சட்டைக்குப் பிளாஸ்டிக் சாமான்" என்று தெருவில் குரல் கேட்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நாலு நூல் சேலைக்கு ஒரு வாளி. (அந்த வாளி எத்தனை மாசம் தாங்கும் என்பது நமக்கே தெரியும்.) அந்த மூட்டைக்கு விலை வருவதே பிரித்த பிறகுதான். ஹரியானா மாநிலம் பானிபட்டில் பழைய கம்பளி உடுப்புகளை நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்து, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். நிறம் பிரிப்பதால் சாயம் போடும் செலவும் குறைகிறது. பிரிக்கிற வேலையை நாமும் வீட்டிலேயே செய்யலாமே?

எங்களுக்கே இது பட்டுத்தான் புரிந்தது. ஒரு குழுவோடு சேர்ந்து, வண்டிப் பட்டறைக்கு எண்ணெய் துடைக்கும் துணி வெட்டிக் கொடுத்தோம். மூட்டை அப்படியே திரும்பி வந்துவிட்டது. நூல் துணியோடு பாலியஸ்டரும் கலந்து கிடந்தது. பாலியஸ்டர் எண்ணெயை நன்றாக உறிஞ்சாது, இழுவிவிடும். சில துண்டுகளில் பட்டன், ஜிப்பைக்கூட எடுக்கவில்லை. அது வண்டியில் கீறல் போடும். பத்துப் பேரின் இரண்டு நாள் உழைப்பு போச்சு. தப்பு நம்முடையதுதான்.

எது நூல் துணி என்று பார்ப்பது சுலபம். ஓரத்தில் நாலைந்து இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே பற்ற வையுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். காகிதம் எரிகிற வாசனை வந்து, சாம்பல் மாவு போல உதிர்ந்தால் நூல். சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர் அல்லது நைலான். இரண்டு குணமும் தெரிந்தால் கலப்பு.

பாலியஸ்டரையும் கலப்பையும் அடுப்படியில் கரித்துணியாக வைக்காதீங்க. தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாகிவிடும். குப்பையோடு போட்டுக் கொளுத்தவும் வேண்டாம், அந்தப் புகை கெடுதல். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, சடை மாதிரி பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி ஆகும். அடியில் சணல் சாக்கு வைத்துத் தையுங்கள்.

மிருதுவான நூல் சேலை, வேட்டியை மட்டும் விற்க அவசரப்படாதீங்க. மாதவிலக்குக்கு அதுதான் நல்ல துணி. டெல்லியில் 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து இதற்காகவே தைத்துக் கொடுக்கிறது. நாம் துவைக்கிறோம், ஆனால் வெட்கப்பட்டுப் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப் போடுகிறோம். ஈரம் போகாத துணியில் கிருமி வளரும், அரிப்பும் புண்ணும் வரும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போட்டு, நல்ல வெயிலில் விரித்துக் காய வைக்க வேண்டும். காய்ந்ததைத் தனிப் பையில் வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு பழைய துணி கொண்டு வாங்க. தீப்பெட்டியும் தட்டும் நாங்கள் கொண்டு வருகிறோம்.