கேட் பலகையிலிருந்து கைபேசிக்கு

2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாவதற்கு வெகு முன்பே ஓசூர் சிப்காட்டில் வேலை தேடி அலைந்தவர்களுக்கு, கம்பெனி கேட்டில் தொங்கும் ‘ஆட்கள் தேவை: ஃபிட்டர், டர்னர்’ பலகைதான் முதல் தகவல். அதைவிடப் பலமானது உள்ளே இருக்கும் ஊர்க்காரரின் சொல். “சார், நம்ம ஊர்ப் பையன், ஐ.டி.ஐ. முடிச்சிருக்கான்” என்று சூப்பர்வைசர் காதில் போட்டுவைப்பார். பையன் பத்தே நாளில் நின்றுவிட்டால் கேள்வி அவரிடம்தான் வரும். அதனால் அடுத்த ஆளைச் சொல்லும் முன் யோசிப்பார். உள்ளே ஆள் இல்லாதவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை என்பதும் உண்மை.

இன்று ஊர்க்காரர் செய்த அந்த வேலையை வேலைவாய்ப்புச் செயலி செய்கிறது. கூத்தனப்பள்ளி செல்போன் பாக ஆலையில் ஆயிரக்கணக்கான பெண்கள், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் என்று வாய்ப்புகள் பெருகிவிட்டன. ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தவர் படுத்தபடியே ஐந்தாறு வேலைகளுக்கு ‘அப்ளை’ அழுத்துகிறார். அழுத்தியதைச் செயலியால் உடனே எண்ணிவிட முடியும். கம்பெனி பஸ் அவர் தெருப்பக்கம் வருகிறதா, ஓ.டி. பணம் சொன்னபடி கிடைத்ததா, மூன்று மாதம் நிலைத்தாரா என்பவை அந்த எண்ணிக்கையில் வராது.

செயலி காட்டும் வேலைப் பரிந்துரை நல்லதா என்று சோதிக்க, பயனர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் புதிய முறையையும் மறுபாதிக்குப் பழையதையும் காட்டுவது வழக்கம். பாட்டுச் செயலிக்கு இது சரிவரும். ஒருவர் கேட்ட பாட்டு இன்னொருவருக்குக் குறைந்துவிடாது. வேலை அப்படியல்ல. இருக்கும் காலியிடங்களை முதல் குழு நிரப்பிவிட்டால் இரண்டாம் குழுவுக்கு இடமே இருக்காது. புதிய முறை ஜெயித்ததாகக் கணக்கு சொல்லும். மொத்தத்தில் ஒருவருக்குக்கூடக் கூடுதலாக வேலை கிடைத்திருக்காது. ஆறு மாதம் கழித்து விசாரிக்கலாம் என்றால், பலர் சிம்மை மாற்றிக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்குப் போயிருப்பார்கள். போனை எடுத்தவர்களை மட்டும் கேட்டால், விட்டுப்போனவர்களின் குறை பதிவாகாது.

வேலைத் தொடர்புத் தளமான லிங்க்ட்இன் 2015 முதல் 2019 வரை சுமார் 2 கோடிப் பேரிடம், யாரோடு தொடர்பு வைக்கலாம் என்ற பரிந்துரையை மாற்றி மாற்றிக் காட்டிச் சோதித்தது. முடிவு 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது: நெருங்கிய நண்பரைவிட ஓரளவு பழகியவர் வழியாகவே வேலை மாறுவது அதிகம். பயன்படுத்தியவர்களுக்குச் சோதனை நடப்பது சொல்லப்படவில்லை. அளந்ததும் வேலை மாறியதைத்தான். அந்த வேலையில் அவர்கள் நன்றாக இருந்தார்களா என்பதை அல்ல.

ஓசூரில் ஆள் சேர்க்கும் செயலிக்காரர்களே, தொழிலாளியிடம் சொல்லிவிட்டுச் சோதியுங்கள். தமிழோ தெலுங்கோ கன்னடமோ இந்தியோ, அவர் மொழியில் கேளுங்கள். மூன்றாவது சம்பளம் வாங்கிய பிறகு கேளுங்கள். நின்றுபோனவரையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.