பின்செல்லும் பொத்தானும் நம் பணமும்

நாங்கள் வாழும் பெங்களூரு லிங்கராஜபுரத்தில், தமிழும் கன்னடமும் ஒரே கூடத்தில் ஒலிக்கும் இல்லங்கள் பல. அங்கே தொலைக்காட்சியில் மூத்தோருக்கு ஒரு செயலி, பேரப்பிள்ளைகளுக்கு வேறொரு செயலி. ரிமோட் மட்டும் ஒன்றே. ஆயினும் அதன் ‘பேக்’ பொத்தான் ஒரு செயலியில் முந்தைய திரைக்கு அழைத்துச் செல்கிறது. மற்றொன்றில் பக்கப் பட்டியலைத் திறக்கிறது. வேறொன்றில் செயலியையே மூடிவிடுகிறது.

1956-இல் அமெரிக்காவின் செனித் நிறுவனத்திற்காக ராபர்ட் ஆட்லர் உருவாக்கிய கம்பியில்லா ரிமோட்டில் இருந்தவை நான்கே பொத்தான்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய பணியை மட்டுமே செய்தது. இன்றைய பொத்தான் ஒரு கட்டளையை அனுப்புகிறது. அதற்குப் பொருள் கொள்வதோ திரையிலுள்ள செயலி. செயலிகளை வெவ்வேறு நிறுவனங்கள் தத்தம் போக்கில் வடிவமைப்பதால் பொருளும் மாறுகிறது. எனவே முதியோர் தடுமாறுவது அவர்தம் அறியாமையால் அன்று, வடிவமைப்பின் குறையால்.

இக்குறைக்கு விலையும் உண்டு. சந்தாவில் சேரும் வழி முதல் திரையிலேயே இருக்க, விலகும் வழி பட்டியல்களுக்குள் மறைந்திருக்கலாம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இத்தகைய ‘சந்தாப் பொறி’ உள்ளிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன.

விலகும் வழி திரையில் தென்படாவிடினும் வங்கியில் உண்டு. ‘இ-மேண்டேட்’ எனப்படும் தானியங்கிப் பற்று அனுமதிக்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, அனுமதியைப் பதிவு செய்கையில் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். 2022 ஜூன் முதல், அதன்பின் வரும் 15,000 ரூபாய் வரையிலான சந்தாத் தவணைகளுக்கு மீண்டும் சரிபார்ப்பு தேவையில்லை. ஆனால் பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்பு வரவேண்டும். அவ்வொரு தவணையையோ அனுமதி முழுவதையுமோ நாம் அப்போதே நிறுத்தலாம்.

ஆகவே மூன்றை நினைவிற்கொள்வோம். செயலியை நீக்குவதால் மட்டும் சந்தா முடிந்துவிடாது. கைப்பேசியிலோ இணையதளத்திலோ அதனை முறைப்படி முடிக்க வேண்டும். தொலைக்காட்சியில் வாங்குவதற்கு ரகசிய எண் அமைக்கும் வசதி இருப்பின் அதனை அமைத்துக்கொள்வது நன்று. முன்னறிவிப்புக் குறுஞ்செய்தியைப் படியாமல் அழித்துவிடலாகாது. ரிமோட்டில் கிட்டாத பின்செல்லும் பொத்தான் அதிலேயே இருக்கிறது.