மலைநாட்டுப் பெண்களும் நர்ஸிங் பட்டமும்

தேசம் 1947-ஆம் வருஷத்தில் சுதந்திரம் அடைந்தது. ஆனால் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் ஓய்வதற்கு 1976-ஆம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. சமவெளியிலே ஒரு தலைமுறை முழுவதும் பள்ளிக்கூடம், கலாசாலை என்று முன்னேறிக்கொண்டிருந்த காலத்தில், மலைவாசிகள் ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்துக் காலம் தள்ளினார்கள். அந்தத் தலைமுறையின் பேத்திமார் இன்று பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, "நான் நர்ஸாக வேண்டும்" என்று சொன்னால், அவளுக்கு என்னென்ன யோக்கியதைகள் வேண்டும்? அவற்றை அவள் அடைவதற்குக் குறுக்கே நிற்பது எது? இதையே இங்கு ஆராயப் புகுந்தோம்.

நர்ஸ் தொழில் என்பது ஆஸ்பத்திரியில் ஏவலுக்கு நிற்பது என்று பலர் எண்ணியிருந்த காலம் உண்டு. அந்த எண்ணத்தை மாற்றிய வருஷங்களில் 1946 முக்கியமானது. அவ்வருஷத்தில்தான் டில்லியிலும், நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் நர்ஸிங் பட்டப் படிப்பு இந்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிற்று. அடுத்த வருஷமே இந்திய நர்ஸிங் கவுன்சிலை அமைக்கும் சட்டம் பிறந்தது. தேசம் முழுவதற்கும் படிப்பின் குறைந்தபட்ச யோக்கியதைகளை வகுப்பது இந்தக் கவுன்சில்தான். பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருஷப் படிப்பு. எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டது.

விதிகள் அதிகமில்லை. பன்னிரண்டாவது வகுப்பில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் ஆகிய மூன்றையும் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்கலாம். இம்மூன்றிலும் சேர்த்து நூற்றுக்கு 45 மதிப்பெண் வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 5 குறைத்து 40 போதும். ஆங்கிலத்தில் தனியாகத் தேறியிருக்க வேண்டும். சேரும் வருஷத்து டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். தேகநலச் சான்றும் தேவை. தமிழ்நாட்டிலே சர்க்கார் இடங்களுக்கு 'நீட்' பரீட்சை கிடையாது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பன்னிரண்டாவது வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே வரிசைப் பட்டியல் தயாரிக்கிறது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மூன்று பாடங்களுக்கும் மொத்தம் 300. ஒவ்வொன்றிலும் 35 வாங்கித் தேறினாலே 105 ஆகிறது. பழங்குடி மாணவிக்கு வேண்டியது 120. ஆகவே தேறிய மாணவிக்கும் தகுதி பெற்ற மாணவிக்கும் இடையே உள்ள தூரம் 15 மதிப்பெண்தான். ஆனால் தகுதி வேறு, இடம் வேறு என்பதை மறக்கலாகாது. பழங்குடியினருக்கு இம்மாகாணத்தில் ஒதுக்கீடு நூற்றுக்கு ஒன்று. அந்த ஓர் இடத்துக்கு எல்லா மலைகளிலிருந்தும் போட்டி உண்டு. எனவே 120 என்பதை வாயிற்படியாகக் கொள்ள வேண்டுமே யன்றி இலக்காகக் கொள்ளலாகாது.

இவ்வளவும் பன்னிரண்டாவது வகுப்பைப் பற்றிய பேச்சு. உண்மையில் காரியம் கெடுவது அதற்கு இரண்டு வருஷம் முன்பே. பத்தாவது தேறியதும் பெண் எந்தப் பாடப் பிரிவில் சேருகிறாள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வரலாறும் வணிகமும் படித்தவள் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினாலும் இந்தப் பட்டப் படிப்பில் சேர முடியாது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதை யார் சொல்கிறார்கள்? அருகிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவில் இடம் இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடுவதே மலையில் எளிது. ஆதலால் விஞ்ஞானப் பிரிவு எந்தப் பள்ளியில் இருக்கிறது, விடுதி உண்டா என்று பத்தாவது படிக்கும்போதே தகப்பனார் விசாரித்து வைக்க வேண்டும். மலையில் பழங்குடியினருக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வெள்ளிமலையில் ஏகலைவ மாதிரி உறைவிடப் பள்ளியும் உண்டு.

இரண்டாவது தடை ஜாதிச் சான்றிதழ். மலைவாசிகள் தங்களை 'மலையாளி' என்று சொல்லிக் கொள்வார்கள். அவர்கள் பேசுவது தமிழே. கேரளத்தாருக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. பழங்குடிப் பட்டியலில் இப்பெயர் சில பழைய ஜில்லாக்களோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்று தென்னார்க்காடு. தென்னார்க்காடு 1993-இல் பிரிந்தது. அதிலிருந்து வந்த விழுப்புரத்திலிருந்து 2019-இல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. பெயர்கள் மாறினாலும் இம்மலையின் உரிமை மாறவில்லை. பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை. கோட்டாட்சியரோ சப் கலெக்டரோதான் தர வேண்டும். விசாரணைக்கு நாள் பிடிக்கும். மதிப்பெண் வந்த பிறகு மனுக் கொடுத்தால், விண்ணப்பத்தின் கடைசித் தேதி முந்திக்கொள்ளும். விண்ணப்பமும் இணையம் வழியாகவே செல்ல வேண்டியிருப்பதால், கைப்பேசி அலை சரியாக எட்டாத ஊர்க்காரர்கள் முன்கூட்டியே கீழே இறங்கி வருவது நலம்.

இடம் கிடைத்த பின்பும் ஒரு கஷ்டம் உண்டு. படிப்பு ஆங்கிலத்திலே நடக்கிறது. தமிழில் படித்து வந்த பெண் முதற் பருவத்தில் திகைப்பது இயல்பு. பதினோராவது வகுப்பிலிருந்தே உடற்கூற்றுச் சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகுவது இதற்கு நல்ல மருந்து. பணத்துக்குச் சிறு உதவி உண்டு: சர்க்கார் பள்ளிகளில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரையில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு, 1922 அல்ல, மிக அண்மையில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பட்டத்தில் இடம் தவறினவர்கள் மனம் தளர வேண்டாம். ஜி.என்.எம். டிப்ளோமா பெற்றுப் பதிவு செய்துகொண்ட நர்ஸ், பிறகு இரண்டு வருஷம் படித்துப் பி.எஸ்ஸி. பட்டத்தை அடையலாம்.

இதற்கெல்லாம் ஏன் இத்தனை கவலை என்று கேட்பவருண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அந்நாட்களில் ஆஸ்பத்திரிப் படுக்கைகளின் அருகே இரவு பகல் நின்றவர்களுள் நர்ஸ்களும் உண்டு. மலையிலோ, பிரசவ வேதனையில் இறங்கி வரும் பெண்ணுக்குத் தன் ஊர்ப் பேச்சில், "பயப்படாதே, அம்மா" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் பாதி பயம் தெளியும். கள்ளக்குறிச்சியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது, அதில் வெள்ளுடை தரித்து நடப்பவர்களில் மலைப் பெண்களும் இருக்க வேண்டாமா?

ஆகவே மலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு வருஷமும் பத்தாவது பரீட்சைக்கு முன்பே பெற்றோரைக் கூட்டி, எந்தப் பாடப் பிரிவு எந்தத் தொழிலுக்கு வழி என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்; சான்றிதழுக்கான மனுவையும் அன்றே எழுதி வாங்குங்கள். ஒரு நாள் மாலை வேலைதான் அது.