பையனுக்கு எதற்கு டெஸ்ட்?

என் நாத்தனாரின் மூத்த பெண்ணை, அவளுடைய தாய்மாமனான என் கொழுந்தனாருக்கே கட்டி வைத்தோம். சொந்தம் விட்டுப் போகாது என்று பெரியவர்களுக்குச் சந்தோஷம். முதல் குழந்தை நல்ல எடையுடன்தான் பிறந்தது. மூன்றாம் நாள் பால் குடிக்க மறுத்துச் சுருண்டது. ஒன்பதாம் நாள் போய்விட்டது. காரணம் தெரியவில்லை. வீட்டிலோ, "எல்லாம் இவ ராசி" என்று பேச்சு. புருஷன் ராசியை யார் கேட்டார்கள்!

இரண்டாவது குழந்தையும் அதே மாதிரி சோர்ந்தபோது, மூத்திரத் துணியில் வெல்லப்பாகு தீய்ந்தாற்போல் வாசனை. பிள்ளை பெற்றவள் சாப்பிட்ட வெந்தயக் களிதான் என்றாள் ஒரு பாட்டி. (வெந்தயத்துக்கும் இந்த நோய்க்கும் அந்த வாசனையைத் தருவது ஒரே பொருள்தானாம்!) குழந்தை டாக்டர் உடனே குதிகாலில் ரத்தம் எடுத்து அனுப்பினார். 'மேப்பிள் சிரப் யூரின் டிசீஸ்' என்று தெரிந்தது. புரதத்தில் உள்ள லியூசின் உள்ளிட்ட மூன்று அமினோ அமிலங்களை உடம்பால் உடைக்க முடியாமல், அவை தேங்கி மூளையைத் தாக்குமாம். 1954-ல் அமெரிக்காவில் டாக்டர் மென்கிஸ் என்பவர் இதை முதன்முதலில் எழுதியபோதும், ஒரே வீட்டில் நான்கு குழந்தைகள் இறந்திருந்தன.

இந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. தனிப் பால்பவுடர், சோற்றைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் ஊட்டுகிறாள்.

டாக்டர் சொன்னது இது: தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்தால்தான் குழந்தைக்கு இந்த நோய் வரும். ஒன்று மட்டும் உள்ளவர் 'கேரியர்'. அவருக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. இருவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கிடையில், அவள் தங்கையை என் மகனுக்குப் பேசியிருந்தோம். "பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் என் மாமியார். "எடுத்தால் இரண்டு பேருக்கும் எடுக்கணும்" என்றேன். "ஆம்பளைப் பையனுக்கு எதுக்குடி?" என்று ஒரே சண்டை! என் கணவர் மட்டும் வாய் பேசாமல் பையனை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

முடிவு வந்தது. பெண்ணிடம் பழுது இல்லை. என் மகன்தான் கேரியர்! ராசி பேசிய வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. கல்யாணம் நடந்தது. பிறக்கும் குழந்தைகள் கேரியர் ஆகலாம். இந்த நோய் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்தச் சோதனைக்குக் கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும். ஆனால் நோய் கண்ட குழந்தையின் மரபணுவில் பழுது எங்கே என்று முதலில் தெரிந்தால், மற்றவர்களிடம் அந்த இடத்தை மட்டும் பார்க்கலாம். முதல் குழந்தையின் ரத்தத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. துக்கத்தில் யாருக்குத் தோன்றும்? பச்சைக் குழந்தை காரணம் தெரியாமல் மோசமாகும்போது, கூட இருக்கும் பெரியவர்கள்தான் "ரத்தம் எடுத்து வைங்க டாக்டர்" என்று கேட்க வேண்டும்.

இப்படிக் குழந்தையை இழந்தவர்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபணு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால், 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுத் திசுவை எடுத்து, கருவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கலாம். 'ஸ்கேன் சட்டம்' என்று பயப்பட வேண்டாம். 1994-ல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது ஆணா, பெண்ணா என்று பார்ப்பதைத்தான். இந்தச் சோதனைக்கு அதிலேயே அனுமதி இருக்கிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.