சோதனைக்கு வராத மாணவன் பட்டியலில் எங்கே போனான்?

சோதனை முடிந்து புள்ளிகளைக் கணினியில் ஏற்றிவிட்டோம். இனி, 40க்கும் குறைவாக எடுத்தவர்களை வடிகட்டிக் குறைநீக்கல் வகுப்புக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும். சுலபமான வேலைதானே? இங்கேதான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. வகுப்பில் 30 மாணவர்கள். 22 பேர் 40 அல்லது அதற்கு மேல் எடுத்திருக்கிறார்கள். 5 பேர் 40க்கும் குறைவு. 3 பேர் சோதனைக்கே வரவில்லை, அவர்களுடைய கட்டம் காலியாக இருக்கிறது. இப்போது ‘40க்கும் குறைவு யார்?’ என்று கேட்டால் எத்தனை பெயர் வரும்? கேட்கும் கருவியைப் பொறுத்து விடை மாறும்.

ஆர் மொழியில் காலிக் கட்டத்துக்கு ‘என்ஏ’ என்று பெயர். அது சுழியம் அல்ல. ‘தெரியாது’ என்று பொருள். தெரியாத புள்ளி 40க்கும் குறைவா? அதுவும் தெரியாது! எனவே விடையும் என்ஏதான். சதுர அடைப்புக்குறி போட்டு வடிகட்டினால் 8 வரிகள் வரும். அவற்றில் 3 வரிகளில் மாணவர் பெயர் உட்பட எல்லாமே என்ஏ ஆகிவிடும். டிப்ளையர் தொகுப்பின் ‘ஃபில்டர்’ கட்டளையோ அந்த மூவரையும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு 5 பேரை மட்டும் காட்டும்.

எக்செல் வேறு மாதிரி. அதன் ஃபில்டர் சூத்திரத்தில் காலிக் கட்டம் 0 என்று கொள்ளப்படும். ஆகவே 8 பேரும் வருவார்கள். கவுன்ட்இஃப் சூத்திரத்தில் எண்ணினாலோ 5தான். ஒரே கோப்பு, இரண்டு விடை!

‘சரி, வராதவர்களுக்கு 0 போட்டுடலாமே?’ என்று தோன்றும். வேண்டாம். எழுதிய 27 பேரின் சராசரி 60 என்றால், மூன்று சுழியம் சேர்ந்ததும் அது 54 ஆகிவிடும். பாடம் நடத்தியதில் ஒரு குறையும் இல்லாமலே வகுப்பின் அடைவு இறங்கியதாகத் தெரியும்.

‘வரவில்லை’ என்று எழுத்தில் போட்டால்? ஆர் மொழி அந்தப் பத்தி முழுவதையும் எழுத்தாகவே படித்துவிடும். பிறகு எண்ணாக ஒப்பிடாது, அகராதியில் சொற்களை அடுக்குவது போல ஒப்பிடும். 100 எடுத்தவர் குறைநீக்கல் பட்டியலில் வருவார். 9 எடுத்தவர் தப்பித்துவிடுவார்! எக்செலில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்பதால், ‘40 அல்லது அதற்கு மேல்’ என்று ஃபில்டர் சூத்திரத்தில் கேட்டால் வராதவர்களும் தேர்ச்சி பெற்றவர்களோடு வந்து நிற்பார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

1. புள்ளி இல்லையென்றால் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். காரணத்தைப் பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள்.

2. இரண்டு அல்ல, மூன்று பட்டியல் எடுங்கள்: 40 அல்லது மேல், 40க்கும் குறைவு, எழுதாதவர். மூன்றாவது பட்டியலுக்கு ஆர் மொழியில் ‘இஸ்.என்ஏ’ கட்டளை, எக்செலில் ‘இஸ்பிளாங்க்’. எக்செலில் இரண்டாவது பட்டியலை எடுக்கும்போது ‘காலியாக இல்லாதவை’ என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. கடைசியாகக் கூட்டிப் பாருங்கள். 22 + 5 + 3 = 30. வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா? 27 என்று வந்தால் மூன்று பிள்ளைகள் எங்கோ விடுபட்டிருக்கிறார்கள்.

இந்தக் கூட்டலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அடிக்கடி பள்ளிக்கு வராத பிள்ளைதான் சோதனைக்கும் வராமல் போவான்; நம் உதவி அதிகம் தேவைப்படுபவனும் பெரும்பாலும் அவனே. ‘டீச்சர், என் மகன் பேரு எந்த லிஸ்ட்லயும் இல்லையே?’ என்று அவன் அம்மா வந்து கேட்கும் முன்பே நாம் பார்த்துவிடுவோமே!

அடுத்த சோதனைப் புள்ளிகளை ஏற்றும்போது முயன்று பாருங்கள்.